அவனை விடாதை

மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் என்னோடு வளர்ந்து, இப்போது தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு திரியும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இது. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் இப்பவும் கேட்கிறீர்கள்: "உங்கட அண்ணை விளையாடின அந்த பைனல்! கடைசியிலை அப்பிடியே திருப்பிப் போட்டாங்களே, என்ன மட்சடி அது!" கேட்டுவிட்டு றோல்ஸைக் கடிக்கிறீர்கள். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் உங்களில் ஒருத்தன் அதைத் தன் பிள்ளைக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. ஆகவே ஒருதரம் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருத்தரும் என்னிடம் கேட்கக்கூடாது.

ஊரில் சமாதானம் என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்த வருடம் அது. தொலைபேசி அட்டை சுரண்டிச் சுரண்டி எங்கள் நகங்களுக்குள் வெள்ளிப்பொடி படிந்திருந்த காலம். எனக்குப் பதினொரு வயது, அண்ணைக்குப் பத்தொன்பது. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு வைத்த கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தோம். எங்களுக்குக் கீழே மட்டக்களப்பு அன்ரி. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். எங்கள் வீட்டில் சண்டை தொடங்கினால் செபமாலையைக் கையில் பிடித்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வருடம் அவருக்குக் கேட்க நிறைய இருந்தது.

மெல்பேர்ன் மாமா அம்மாவின் தம்பி. பல வருடம் மெல்பேர்னில் இருந்துவிட்டு மொன்றியலில் கலியாணம் செய்து வந்தவர். வரும்போது ஒரு சிவப்புத் தோல் பந்து கொண்டுவந்தார். உருண்டை இல்லை, பப்பாசிப்பழம் மாதிரி நீளம். ஆஸ்திரேலியா நாட்டுக் கால்பந்தாம். "உது விளையாட்டோ, சண்டையோ?" என்று அப்பா கேட்டார். "ரெண்டும்தான் அத்தான்" என்றார் மாமா. அப்பாவுக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைதானம் முட்டை வடிவம். இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்து இடைவெளிக்குள் போனால் ஒன்றே ஒன்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம், பொத்திய கையால் குத்தி அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். பந்து வைத்திருக்கிறவனைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். தலைக்கும் தோளுக்கும் ஒரு காப்பும் கிடையாது. மொன்றியல் தீவு முழுக்க நாலு அணிகள்தான். அதில் ஒன்று எங்கள் மாமா சேர்த்தது: தமிழ்ப் பெடியள், அவர்களோடு அண்ணையின் கூட்டாளி ஒரு ஹெயிட்டிக்காரன்.

ஆனால் அதற்கு முந்திய பனி மாரியைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அந்த நேரம் எங்கள் பெடியள் குழுக் குழுவாகப் பிரிந்து அடிபட்டது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் அடித்தீர்கள், சிலர் அடி வாங்கினீர்கள், இப்போது எல்லாரும் கோயில் சபையில் இருக்கிறீர்கள். ஒரு பின்னேரம் நானும் அம்மாவும் மூலைக் கடையில், டெப்பனரில், பால் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பனிக்குள் ஒருத்தன் குப்புறக் கிடந்தான். அண்ணை பனி அள்ளுகிற சவளால் அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை, தூஷணம் பேசவில்லை. மா இடிக்கிற மாதிரி ஒரே சீராக, ஓங்கி ஓங்கி. அம்மாவின் கையிலிருந்து பால் பை நழுவி விழுந்து வெடித்தது. பனிக்கு மேல் பால் தெரியவில்லை, ரத்தம் மட்டும்தான் தெரிந்தது.

அவன் பிழைத்தான். பொலிசுக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்றிரவு அப்பா, "பெடியன் எண்டால் அப்பிடித்தான். ஒருத்தன் கை வைச்சால் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" என்றார். அம்மா சோற்றுப் பானையை அடுப்பில் டங்கென்று வைத்தார்.

"நீங்கள் அவன்ரை முகத்தைப் பாத்தனீங்களோ? கோபமெண்டால் நான் பயந்திருக்கமாட்டன். அதிலை கோபமே இல்லை. அது என்ரை பிள்ளையின்ரை முகம் இல்லை."

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அண்ணையையும் என்னையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்பு தளபாடக் கிடங்காக இருந்த கோயில்; நெய் வாசத்துக்கு அடியில் அப்போதும் மரப்பலகை வாசம் வரும். ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை நீட்டினார். சத்தியத்துக்கு அண்ணை உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தார். வகிட்டில் கரி ஒட்டியது.

"சொல்லு."

"அம்மாவாணை, இனி ஒருத்தரையும் அடிக்கமாட்டன்."

"அது காணாது. பிறகு தள்ளினனான், பிடிச்சனான் எண்டு கதை சொல்லுவாய். தொடமாட்டன் எண்டு சொல்லு."

"தொடமாட்டன். தள்ளமாட்டன். பிடிக்கமாட்டன்."

"தொட்டால்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

"தொட்டால்… அம்மா இருக்கமாட்டா."

அவ்வளவுதான். அம்மா தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, வழக்கம் போல நவக்கிரகத்தைச் சுற்றப் போனார். இது வெறும் சொல் என்று உங்கள் பிள்ளைகள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் அது சட்டம். அண்ணை மெட்ரோவில் கூட்டத்துக்குள் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். என் காதைச் சுண்டுகிற பழக்கம் இருந்தது, அதையும் விட்டார். எனக்கு அது பெரிய கவலை. "சுண்டினால் அம்மா சாகமாட்டா அண்ணை, சும்மா சுண்டுங்கோ" என்று கெஞ்சியிருக்கிறேன். சிரிப்பார். கையை எடுக்கமாட்டார்.

கோடையில் மாமா இவரை எதிர்ப்பக்கக் கம்பங்களுக்கு முன்னால் நிறுத்தினார். "நீ ஒருத்தனையும் தொட வேண்டாம். பாய்ஞ்சு பந்தைப் பிடி. பிடிச்சால் விசில் ஊதுவாங்கள், ஒருத்தரும் மறிக்கேலாது, ஆறுதலா உதை." அண்ணை பாய்ந்தார். அம்மாடி, அந்தப் பாய்ச்சல்! ஊரில் கிளித்தட்டு விளையாடிய கால்கள். ஒரு கையும் படாமல் நாலு பேருக்கு நடுவே வளைந்து மேலே போய் வானத்திலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு வருவார். அந்தக் கோடை முழுக்க அவர் ஒருத்தரையும் தொடவில்லை. எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்ததே அந்தத் தொடாத கைகளால்தான். அம்மா ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. ஆனால் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

இறுதி ஆட்டம் தீவின் மேற்குப் பக்கம் ரொக்ஸ்பரோவில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் திடலில். எதிரணியும் ரொக்ஸ்பரோக்காரர்தான். குளிர் தொடங்கிவிட்டது. எங்கள் சனம் வான் வானாக வந்து இறங்கியது. சோற்றுப் பார்சல், தெர்மோஸ் தேத்தண்ணி, பறை மாதிரி அடிக்க ஒரு எண்ணெய்த் தகரம். அன்றைக்குத்தான் அம்மா முதன்முதலாக வந்தார். சேலைக்கு மேல் பனிக்கால ஜாக்கெட், செருப்புக்குள் காலுறை. மட்டக்களப்பு அன்ரிக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையைப் போட்டு இருந்தார். நான் தண்ணிப் போத்தல்களோடு அவருடைய காலடியில்.

எதிரணியில் ஒரு செம்பட்டைத் தலையன் இருந்தான். அண்ணையைக் காப்பது அவன் வேலை. கழுத்து எது தோள் எது என்று தெரியாத உடம்பு. ஆட்டம் தொடங்கி முதல் பந்து வந்ததும் அவன் அண்ணையின் நாரியில் முழங்காலால் ஏறினான். அண்ணை விழுந்து எழும்பினார். இரண்டாவதுக்கு முழங்கை, விலாவில். மூன்றாவது பந்து அவன் கைக்கே போனது. அவன் அண்ணைக்கு முன்னாலேயே, கை எட்டும் தூரத்தில், பந்தோடு ஓடிப்போனான். அண்ணை கூடவே ஓடினார், ஆனால் பிடிக்கவில்லை. செம்பட்டை திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. தன் ஆட்களிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னான்.

அதற்குப் பிறகு அது ஆட்டமே இல்லை. எல்லாப் பந்தையும் அண்ணை நிற்கிற பக்கத்தால் கொண்டுபோனார்கள். தொடாத ஆள் நிற்கிற இடம் திறந்த படலைதானே. அவர்களுக்கு ஆறு ஆறாகப் புள்ளி விழ, கம்பத்தடியில் வெள்ளைக் கொடி அசைந்தது. போகிற வாக்கில் ஆளுக்கு ஒரு இடி அண்ணைக்கு. உதடு வெடித்தது. காது கிழிந்தது. நடுவர் காணும்போது ஊதினார், காணாதபோது ஊதவில்லை.

"அடியடா! கட்டிப் பிடியடா அவனை!" அப்பா கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே கத்தினார். "என்ன கோதாரிக்கடா நிக்கிறாய்? பொம்பிளை மாதிரி!"

"பொம்பிளை நான் இஞ்சதான் இருக்கன்" என்றார் மட்டக்களப்பு அன்ரி. அம்மா ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுப்பார், கீழே இழுப்பார்.

பாதி ஆட்டத்தில் நாங்கள் நாற்பது புள்ளிக்கு மேல் பின்னால். பெடியள் புல்லில் விழுந்து கிடந்தார்கள். மாமா தோடம்பழம் வெட்டிக் கொடுத்தார். அண்ணையின் வெடித்த உதட்டில் புளி பட்டு அவர் முகம் கோணியது. எங்கள் அணிப் பெடியன் ஒருத்தன் அண்ணையின் காலடியில் துப்பினான். "உன்ரை சத்தியத்துக்கு நாங்கள் எல்லாரும் சாகிறதோ?" என்றான். ஹெயிட்டிக்காரன் பிரெஞ்சில் அவனைப் பேசினான். அப்பாவும் மாமாவும் அம்மாவிடம் வந்தார்கள்.

"அக்கா, விழுத்திறது சட்டப்படி சரி. அது அடிக்கிறது இல்லை. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

"நான் சொல்லமாட்டன்."

"உன்ரை பிள்ளையைக் கொல்லுறாங்களடி!" என்றார் அப்பா.

"கொல்லட்டும். அவன் கொல்லாமல் இருந்தால் காணும்."

எத்தனை பேர் முன்னால் சொன்னார் தெரியுமா? முதுகு நிமிர்ந்து, அப்பாவின் கண்ணைப் பார்த்து. அந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். ஒரு கோப்பை போயிருக்கும். எங்கள் வீட்டில் வைக்க இடமும் இல்லாத ஒரு தகரக் கோப்பை.

மூன்றாம் கால்பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரம். அண்ணை ஒரு பந்துக்குப் பாய்ந்து, பிடித்து, மல்லாக்க விழுந்தார். செம்பட்டை அவருடைய கையில் காலை வைத்தான். ஆணிச் சப்பாத்து. வலது கை, கற்பூரம் அணைத்த கை. காலை வைத்து, ஒரு சிகரெட்டை நூர்க்கிற மாதிரித் திருகினான். குனிந்து, உனக்கெல்லாம் எதுக்கு இந்தக் கை என்று ஆங்கிலத்தில் கேட்டான். எனக்குக் கேட்டது, கோட்டுக்குக் கிட்டத்தான் அது நடந்தது. பிறகு எழும்புகிற சாட்டில் முழங்காலை மூக்கில் கொடுத்தான். ரத்தம் குபுக்கென்று பாய்ந்தது. அண்ணை கத்தவில்லை. படுத்தபடி தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தார். நடுவர் "மடாம்! மடாம்!" என்று ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அம்மா அவரை ஒரு ஈ மாதிரிக்கூடக் கணக்கெடுக்கவில்லை. நான் போத்தலோடு பின்னால் ஓடினேன். புல்லில் குந்தி, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கினார். பயத்தால் என்று அப்போது நினைத்தேன். இல்லை. அது ஆத்திரம். என் அம்மாவுக்கு அப்படி ஒரு ஆத்திரம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாதென்று நினைக்கிறேன்.

அந்த நசிந்த கையைத் தூக்கித் தன் தலையில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"எடுத்திட்டன். என்ரை தலைதானே, போனாப் போகட்டும். எழும்பு." செம்பட்டையைப் பார்த்தார். "அவனை விடாதை."

அம்மா போய் மகனை "விளையாடு" என்று சொன்னார் என்றுதான் நீங்கள் எல்லாரும் சொல்லித் திரிகிறீர்கள். இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவனை விடாதை என்றுதான் சொன்னார்.

மூக்குக்குள் பஞ்சை அடைத்து, ரத்தம் படாத வேறு சட்டை போட்டுக்கொண்டு அண்ணை உள்ளே போனார். அடுத்த பந்தை வாங்கினவன் ஒரு மெலிந்தவன். பழக்கத்தில், அண்ணைக்குப் பக்கத்தால் ஆறுதலாக ஓடப் பார்த்தான். அண்ணை அவனை இடுப்போடு அள்ளி நிலத்தில் போட்டார். அந்தச் சத்தத்துக்கு எங்கள் சனம் முழுக்கத் துள்ளி எழும்பியது. பிறகு தகரம் முழங்கத் தொடங்கியது பாருங்கள்! சிதறின பந்தை ஹெயிட்டிக்காரன் எடுத்தான், உதைத்தான், ஆறு.

அதற்கு மேல் எல்லாம் தலைகீழ். அண்ணை பிடித்தவன் ஒருத்தனும் காலில் நிற்கவில்லை. ஒருத்தனைத் தோளில் மோதி மூச்சு நிற்க வைத்தார். இன்னொருத்தனுக்குத் தோள்மூட்டு கழன்று, அவன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதபடி வெளியே போனான். பல் ஒன்று புல்லில் கிடந்தது, வெள்ளையாக, வேரோடு. எல்லாம் சட்டப்படிதான், நடுவர் ஊத ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் பந்து கையில் வந்தால் போதும், நெருப்பைத் தொட்ட மாதிரி எறிந்தார்கள். எறிந்ததை எங்கள் பெடியள் பொறுக்கினார்கள். பாதி ஆட்டத்தில் துப்பினவன்கூடச் சிங்கம் மாதிரி ஓடினான். ஆறு, ஆறு, ஒன்று, ஆறு. நாற்பது முப்பதாகி, இருபதாகி, கடைசிக் கால்பகுதி நடுவில் கை எட்டும் தூரத்துக்கு வந்தது.

நானும் கத்தினேன். ஏன் பொய் சொல்ல? தொண்டை கிழியக் கத்தினேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு கலியாணத்திலும் வரவில்லை. நீங்களும் கத்தினீர்கள். செயின்ட்-மிஷேலில் எங்களை இடித்த எல்லாருக்கும், வந்த நாட்டிலும் விட்ட நாட்டிலும் எங்கள் மேல் காலை வைத்த எல்லாருக்கும், அண்ணை ஒருத்தர் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

அம்மா மட்டும் கத்தவில்லை. எழும்பி நின்றார். அண்ணை எங்கள் பக்கமாக ஓடிவந்து ஒருத்தனை அடித்து விழுத்திவிட்டு நிமிர்ந்தபோது, நானும் அந்த முகத்தைக் கண்டேன். கோபம் இல்லை. கணக்குச் செய்கிற பிள்ளையின் முகம். டெப்பனருக்கு முன்னால், பனிக்குள் கண்ட அதே முகம்.

"காணும், நிப்பாட்டு" என்றார் அம்மா. "காணும் மோனை, காணும்."

தகரத்துக்குள் அது எங்கே கேட்கும்? அம்மா கோட்டைத் தாண்டப் போனார். அப்பா இரண்டு கையாலும் அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். "விசரே உனக்கு? வெல்லப் போறம், நில்லு!" அம்மா திமிறினார். ஜாக்கெட் ஒரு பக்கம் கழன்று வந்தது. "விடுங்கோ என்னை! நான் திருப்பிச் சொல்லோணும், விடுங்கோ!" அப்பா விடவில்லை. சிரித்துக்கொண்டே, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, அம்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "விடுகா அவள!" என்று மட்டக்களப்பு அன்ரி செபமாலையால் அப்பாவின் முழங்கையில் அடித்தார். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

நாலு புள்ளி பின்னால் நிற்கிறோம். ஆட்டம் முடிகிற நேரம். செம்பட்டையின் கையில் பந்து. உதைத்துத் துரத்தியிருந்தால் அவர்களுக்கு வெற்றி, ஆனால் அவன் ஒரு கணம் நேரத்தைக் கடத்தப் பார்த்தான். அண்ணை பின்னாலிருந்து வந்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினார். தூக்கினார். அந்த உடம்பை எப்படித் தூக்கினாரோ தெரியாது. தூக்கி, ஒரு சுழற்று. கை கட்டுப்பட்டவன் நிலத்தில் எதை ஊன்றுவான்? தலைதான் முதலில் போனது. முறிகிற சத்தம் ஒன்றும் வரவில்லை. ஈரச் சாக்கை நிலத்தில் போட்ட மாதிரி ஒன்று, அவ்வளவுதான்.

பந்து உருண்டது. ஹெயிட்டிக்காரன் எடுத்து உதைத்தான். ஆறு. மாமாவின் வான் ஹோர்ன் அடித்தது, அதுதான் ஆட்டம் முடிகிற சத்தம். சனம் உள்ளே ஓடியது. நடுவருக்கு ஊத ஒன்றும் இருக்கவில்லை. வென்றுவிட்டோம். ஒருத்தரை ஒருத்தர் தூக்கிச் சுற்றினோம். அப்பா அம்மாவை விட்டுவிட்டுத் துள்ளினார். கொஞ்ச நேரம் போனபிறகுதான் தகரம் நின்றது, முதலில் கிட்ட நின்றவர்கள், பிறகு தூர நின்றவர்கள்.

அண்ணை இன்னும் அவனைக் கட்டிப் பிடித்தபடியே கிடந்தார். செம்பட்டையின் கண் திறந்திருந்தது. இமை மட்டும் அடித்தது. மாமாவும் நடுவருமாக அண்ணையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பிரிக்கப் பிரிக்க அவை திரும்ப மூடின. "விடு, விடடா, முடிஞ்சுது" என்று மாமா அழுதார். அண்ணை தலையைத் தூக்கி அம்மாவைத் தேடினார். அம்மா ஜாக்கெட் இல்லாமல், தலைப்பு முழுக்க ரத்தத்தோடு, கோட்டிலேயே நின்றார். சொல்ல வந்த சொல் அவர் வாயில் இல்லை. அம்புலன்ஸ் புல்லின் மேலே வந்து, எங்கள் தோடம்பழக் கோதுகளை நசித்துக்கொண்டு நின்றது.

அவன் பிழைத்தான். கால்கள் இரண்டுக்கும் உயிர் திரும்பி வரவில்லை. விதிப்படி பிழை இல்லை என்று முடித்துவிட்டார்கள். அணி அந்தக் குளிர்காலத்தோடு கலைந்தது. சிவப்புப் பந்து எங்கே போனதோ, மாமா கேட்கவும் இல்லை.

அப்பா கோப்பையைத் தொலைக்காட்சிக்கு மேல் வைத்தார். மாமா ஆள் வைத்து எடுப்பித்த வீடியோ நாடாவை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். கடைசி உதையில் நிறுத்திவிடுவார். செம்பட்டை விழுகிற துண்டை விரைவாக ஓட்டிவிடுவார். ஒருநாள் அம்மா நாடாவை வெளியே இழுத்து, இழுத்து, குசினி நிலம் முழுக்கக் கறுப்பாகக் குவித்து, குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். தான்தான் அம்மாவை மனம் மாற்றியதாக அப்பா கடைசிவரை நம்பினார். பாவம், அவருக்கு அந்தப் பெருமைகூட உண்மை இல்லை. மாற்றினது அந்த மிதித்த கால். அப்பா செய்தது அம்மாவைப் பிடித்து நிறுத்தினது மட்டும்தான்.

அம்மாவும் மட்டக்களப்பு அன்ரியும் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்னையும் பிரெஞ்சு கதைக்கக் கூட்டிப் போனார்கள். வாசலில் செம்பட்டையின் தாய் இருந்தார். எங்களை யாரென்று தெரியாது, ஆட்டத்தன்றைக்கு அவர் வரவில்லை. அந்தத் திடலில் நின்ற யாரோ இரக்கத்தில் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டு "மெர்சி, மெர்சி" என்று அழுதார். நாங்கள் யார் என்று சொல்லும்படி அம்மா எனக்குக் கண் காட்டினார். எனக்கு வாய் வரவில்லை. பதினொரு வயதுக்கு அந்தச் சொல்லெல்லாம் தெரியாது. அம்மா பிறகு அங்கே போகவேயில்லை.

அதன்பிறகு அம்மா சாகக் காத்திருக்கத் தொடங்கினார். சிரிக்காதீர்கள். சத்தியம் போய்விட்டது, தலையைக் கொடுத்தாயிற்று. அவருக்கு அது கணக்கு. எனக்குச் சோறு வடிக்கப் பழக்கினார், புட்டு அவிக்கப் பழக்கினார். தன் சேலைகளைப் பிரித்து, "இதைத்தான் எனக்குக் கட்டோணும்" என்று ஒன்றைத் தனியாக வைத்தார். பரிகாரம் செய்யலாம் என்று ஐயர் சொல்லியனுப்பினார். "செய்யிறதைச் செய்துபோட்டுத் தேங்காய் உடைக்கிறதோ?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி ஓடி வருவேன், படியிலேயே "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு. "இருக்கிறன், இருக்கிறன்" என்பார் உள்ளிருந்து, சலித்த குரலில்.

அண்ணை அந்த மார்கழிக்கு முதலே வீட்டை விட்டுப் போனார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு அறை. தீவை விட்டு இறங்காமல் அதற்கு மேல் தூரம் போக முடியாது. அங்கேயே தோட்ட வேலை, பிறகு மரம் வெட்டுகிற வேலை. கலியாணம் இல்லை. வீட்டுக்கு வருவார், அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தார், பொங்கலுக்கு வருவார். அம்மாவை நேரே பார்க்கமாட்டார். என் பிள்ளைகள் மாமா என்று பாய்ந்தால் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார். என் மகளுக்கு அது கோபம். "மாமா ஏன் என்னைத் தூக்குறேல்லை?" என்று கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

ஆனால் ஒவ்வொரு நாளும் விடிய தொலைபேசி அடிக்கும். இருபது வருடத்துக்கு மேலாக, எனக்குக் கலியாணமாகி அம்மா என்னோடு வந்த பிறகும், அதே நேரத்துக்கு. ஒரே கேள்வி.

"அம்மா எழும்பிட்டாவோ?"

"ஓம் அண்ணை, எழும்பிட்டா."

"சரி." வைத்துவிடுவார்.

போன மாதம், அந்தக் கலியாண வீட்டுக்கு அடுத்த நாள் காலை, நான் தொலைபேசியை எடுத்தேன். அம்மா குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். எழுபது நெருங்குகிறது, தலைமயிர் முழுக்கப் பஞ்சு. இவ்வளவு வருடத்தில் அந்த நேரத் தொலைபேசியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அன்றைக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"மோனை, நான்தான்."

நானும் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"நான் எழும்பிட்டன். நான் சாகேல்லை. சாகமாட்டன் போல கிடக்குது." கோப்பையைக் கீழே வைத்தார். "அண்டைக்கு உனக்குச் சொல்லத்தான் வந்தனான். கொப்பர் பிடிச்சு வைச்சிருந்தவர், எனக்கு வரேலாமப் போச்சு. இப்ப சொல்லுறன் கேள். விடு மோனை. அவனை விட்டிடு."

நெடுநேரம் கழித்து அண்ணை தொலைபேசியை வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா தேத்தண்ணியை முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இனி அந்தத் தொலைபேசி அடிக்காது என்று ஒரு மனம் சொன்னது. அடித்தால் அண்ணை இன்னும் அவனை விடவில்லை என்றுதான் கருத்து, அடிக்கக்கூடாது என்று கும்பிட்டேன்.

விடிந்தது. அம்மா எனக்கு முதலே எழும்பி, தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

அதே நேரத்துக்கு அடித்தது.